கேமரா பாடியும் லென்ஸும்: தேர்வும் பராமரிப்பும்

லென்ஸைக் கழற்றி மாற்றக்கூடிய டிஜிட்டல் கேமரா இரண்டு பாகங்களால் ஆனது. சென்சார், ஷட்டர், பேட்டரி, படத்தைச் செயலாக்கும் சிப் ஆகியவை அடங்கிய பாடி ஒன்று. ஒளியைக் குவித்துத் தரும் லென்ஸ் மற்றொன்று. கடையில் ஒரே பெட்டியில் கிடைத்தாலும் இரண்டின் ஆயுளும் ஒன்றல்ல. 1999இல் வெளிவந்த நிக்கான் டி1, அந்நாளில் பத்திரிகைப் புகைப்படக்காரர்கள் ஆசைப்பட்ட கருவி. அதன் சென்சார் தந்தது 2.7 மெகாபிக்சல். இன்று அதை யாரும் வேலைக்கு எடுத்துப்போவதில்லை. ஆனால் அதில் மாட்டப்பட்ட அக்காலத்து லென்ஸ்கள் பல இன்னும் கைமாறிக்கொண்டும் படமெடுத்துக்கொண்டும் இருக்கின்றன. பாடியைப் பழசாக்குவது அடுத்து வரும் பாடி. லென்ஸைக் கெடுப்பது ஈரமும் தூசியும் மனிதர் கையும். தேர்வு பற்றியும் பராமரிப்பு பற்றியும் எழும் கேள்விகளில் பெரும்பாலானவை இந்த வேறுபாட்டிலிருந்து பிறக்கின்றன.

மவுண்ட்

பாடியும் லென்ஸும் பொருந்தும் உலோக வளையம்தான் மவுண்ட். கேமரா வாங்கப் போகிறவர் முதலில் மெகாபிக்சலைக் கேட்கிறார். பல ஆண்டுகளுக்கு அவர் கட்டுப்படப்போவதோ இந்த வளையத்துக்கு. ஒரு நிறுவனத்தின் பாடியை வாங்கி, இரண்டு மூன்று லென்ஸ்களும் சேர்த்துவிட்டால், வேறு நிறுவனத்துக்கு மாறுவது முழுச் சேமிப்பையும் விற்று மீண்டும் தொடங்குவதாகிவிடும்.

இதை நிக்கானும் கேனனும் இரு வேறு வழிகளில் கையாண்டன. நிக்கான் 1959இல் எஃப் மவுண்டை அறிமுகம் செய்தது. வளையத்துக்கும் ஃபிலிமுக்கும் இடையிலான 46.5 மி.மீ. தூரத்தை, ஃபிலிம் போய் சென்சார் வந்த பிறகும் அது மாற்றவில்லை. கேனன் 1987இல் தன் எஃப்.டி. மவுண்டை அடியோடு கைவிட்டு இ.எஃப். மவுண்டுக்குத் தாவியது. பழைய லென்ஸ்களை வைத்திருந்தவர்கள் கொதித்துப்போனார்கள். புதிய மவுண்டில் நெம்புகோல்கள் கிடையாது, மின்தொடர்புகள் மட்டுமே. ஃபோகஸ் மோட்டார் லென்ஸுக்குள்ளேயே அமர்ந்தது. அதனால்தான் 1987இல் வாங்கிய கேனன் இ.எஃப். லென்ஸ், முப்பது ஆண்டு கழித்து வந்த கேனன் டிஜிட்டல் எஸ்.எல்.ஆரிலும் ஆட்டோஃபோகஸோடு வேலை செய்கிறது.

நிக்கான் காட்டிய விசுவாசத்துக்கும் ஒரு விலை இருந்தது. வெளி வளையம் மாறாவிட்டாலும் உள் ஏற்பாடுகள் மாறிக்கொண்டே வந்தன. 1977க்கு முந்தைய லென்ஸை அப்படியே பல டிஜிட்டல் பாடிகளில் திருகினால், பாடியின் ஓரத்திலுள்ள சிறு நாக்கு உடைந்துபோகக்கூடும். 2006இல் வந்த டி40இலும், பின்னர் வந்த டி3000, டி5000 வரிசைகளிலும் ஃபோகஸ் மோட்டாரை நிக்கான் வைக்கவில்லை. மலிவாகக் கிடைக்கிறதே என்று 50 மி.மீ. எஃப் 1.8 டி லென்ஸை வாங்கி இவற்றில் மாட்டினால் ஆட்டோஃபோகஸ் கிடைக்காது, கையால்தான் திருப்ப வேண்டும். லென்ஸுக்குள் மோட்டார் உள்ள ஏ.எஃப்.-எஸ். வகையைத்தான் கேட்டு வாங்க வேண்டும். பழைய பொருள் சந்தையில் மாணவர்கள் அடிக்கடி விழும் குழி இது.

இடையில் அநாதையான மவுண்டுகளும் உண்டு. நிக்கான் 1 வரிசை 2011இல் பிறந்து 2018இல் முடிந்தது. கேனனின் இ.எஃப்.-எம். 2012இல் தொடங்கிப் பத்தாண்டுக்குச் சற்றுமேல் ஓடி நின்றது. சாம்சங்கின் என்.எக்ஸ். கேமராக்கள் தரத்தில் குறைந்தவை அல்ல. ஆனாலும் நிறுவனமே அந்தத் தொழிலைவிட்டு விலகிவிட்டது. இவற்றைப் பாதி விலைக்கு யாராவது நீட்டினால், இனிப் புது லென்ஸ் வராது என்பதையும் கணக்கில் சேர்த்துத்தான் பேரம் பேச வேண்டும்.

கண்ணாடி போனபின்

2008இல் பானாசோனிக் வெளியிட்ட ஜி1, எஸ்.எல்.ஆரின் உள்ளே ஏறி இறங்கும் கண்ணாடியை நீக்கிய முதல் மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் கேமரா. கண்ணாடி இல்லாததால் லென்ஸைச் சென்சாருக்கு மிக அருகே கொண்டுவர முடிந்தது. கேனனின் இ.எஃப். மவுண்டில் 44 மி.மீ. ஆக இருந்த தூரம், 2018இல் வந்த ஆர்.எஃப். மவுண்டில் 20 மி.மீ. ஆனது, நிக்கானின் இசட் மவுண்டில் 16 மி.மீ. மீதியுள்ள இடைவெளியை அடாப்டர் என்ற குழாய் நிரப்பிவிடுகிறது. அதனால் பழைய எஸ்.எல்.ஆர். லென்ஸைப் புதிய மிரர்லெஸ் (கண்ணாடியில்லாத) பாடியில் மாட்டலாம். எதிர்த்திசையில் இது நடக்காது: மிரர்லெஸ் லென்ஸுக்கு எஸ்.எல்.ஆர். பாடியில் இடமே இல்லை.

வாங்குபவருக்கு இதில் ஒரு லாபம் உண்டு. தொழில்முறைப் புகைப்படக்காரர்கள் மிரர்லெஸ்ஸுக்கு மாறியதால் நல்ல நிலையிலுள்ள இ.எஃப். லென்ஸ்களும் எஃப் மவுண்ட் லென்ஸ்களும் விலை இறங்கிச் சந்தைக்கு வந்தன. கற்றுக்கொள்பவருக்கு ஒரு பழைய எஸ்.எல்.ஆரும் அத்தகைய லென்ஸ் ஒன்றும் இன்னும் நல்ல தொடக்கம்தான். பின்னாளில் பாடியை மாற்றினாலும் லென்ஸ் அடாப்டரோடு கூடவே வரும். புதிதாகவே வாங்குவதென்றால் மிரர்லெஸ்ஸை விட்டு வேறெங்கும் போகக் காரணமில்லை.

பிற நிறுவனங்களின் லென்ஸ்கள் கிடைக்குமா என்பதையும் பார்க்க வேண்டும். சோனி தன் இ மவுண்டின் அடிப்படை விவரங்களை 2011இலேயே பிற தயாரிப்பாளர்களுக்குத் திறந்துவிட்டது. அதன் பலனாக அந்த மவுண்டுக்குச் சிக்மா, டாம்ரான் லென்ஸ்கள் பல விலைகளில் குவிந்து கிடக்கின்றன. கேனனோ ஆர்.எஃப். கதவை இறுகச் சாத்தி வைத்திருந்தது. 2024இல்தான் சிறிய சென்சார் பாடிகளுக்கான லென்ஸ்களைச் செய்ய இவ்விரு நிறுவனங்களுக்கும் அனுமதி தந்தது.

சென்சாரும் லென்ஸும்

ஃபுல் ஃப்ரேம் எனப்படும் சென்சார் 36க்கு 24 மி.மீ. அளவுள்ளது. ஏ.பி.எஸ்.-சி. எனப்படும் க்ராப் சென்சார் ஏறத்தாழ 23.5க்கு 15.6 மி.மீ., கேனனில் இன்னும் சற்றுச் சிறியது. சிறிய சென்சார் காட்சியின் நடுப்பகுதியை மட்டும் வெட்டி எடுப்பதால், 50 மி.மீ. லென்ஸ் கேனன் க்ராப் பாடியில் 80 மி.மீ. லென்ஸின் பார்வையைத் தருகிறது. முகப்படத்துக்கு அது வசதி. கல்யாண மண்டபத்தில் ஒரு குடும்பத்தையே படத்துக்குள் அடக்க முயலும்போது முதுகு சுவரில் இடிக்கும்.

பெட்டியோடு வரும் 18-55 கிட் லென்ஸின் அபர்ச்சர், அதாவது ஒளி நுழையும் துளை, முழு ஜூமில் எஃப் 5.6 வரைதான் திறக்கும்; எண் குறையக் குறையத் துளை பெரிது. எஃப் 1.8 லென்ஸ் அதைப்போல் ஏறக்குறைய பத்து மடங்கு ஒளியை உள்ளே விடுகிறது. கேனனின் 50 மி.மீ. எஃப் 1.8 இதற்கு எளிய சான்று. 1990இல் வந்த இரண்டாம் வடிவத்தின் மவுண்டே பிளாஸ்டிக்; எடை 130 கிராம். பொம்மை மாதிரி இருக்கிறது என்று ஏளனம் செய்யப்பட்ட அந்த லென்ஸ் உலகெங்கும் எத்தனையோ பேருக்கு முதல் ப்ரைம் (ஜூம் இல்லாத) லென்ஸ் ஆனது. 2015இல் உலோக மவுண்டோடு எஸ்.டி.எம். வடிவம் வந்தது. மங்கிய வெளிச்சத்தில் படம் சரியாக வரவில்லை என்று பாடியை மாற்ற எண்ணுபவர், இத்தகைய லென்ஸ் ஒன்றை முதலில் மாட்டிப் பார்ப்பது சிக்கனம்.

பறவையையோ ஓட்டப்பந்தயத்தையோ எடுப்பவருக்கு இந்த அறிவுரை முழுதும் பொருந்தாது. கண்ணைத் தேடிப் பிடித்துத் தொடரும் ஆட்டோஃபோகஸ் பாடியின் வேலை. அதில் ஐந்தாண்டு இடைவெளியே பெரிய வித்தியாசம். அதற்காகப் பணம் பாடிக்குத்தான் போக வேண்டும் என்றும் இல்லை. அ. மாதவையாவின் மகனும் இயற்கையியலாளருமான மா. கிருஷ்ணன், ஒரு கேமராவின் உடலையும் இன்னொன்றின் நீள லென்ஸையும் தாமே இணைத்து, அதற்கு 'சூப்பர் பாண்டரோசா' என்று பெயரும் வைத்துக்கொண்டு, கருப்பு வெள்ளையில் காட்டு யானைகளை எடுத்தார். அவருக்கு மவுண்ட் ஒரு தடையாகவே இருக்கவில்லை.

பழையதை வாங்கும்போது

ஷட்டர் தேய்ந்துபோகும் உறுப்பு. நிக்கான் டி850இன் ஷட்டர் 2,00,000 முறையும், கேனன் 5டி மார்க் 4இன் ஷட்டர் 1,50,000 முறையும் இயங்குமாறு சோதிக்கப்பட்டவை. அந்த எண்ணைத் தொட்டதும் நின்றுவிடும் என்று பொருளல்ல. ஆனால் பல ஆண்டுகள் கல்யாண வேலை பார்த்த பாடி அதை நெருங்கியிருக்கும். நிக்கான் எடுக்கும் படத்தின் கோப்பிலேயே இந்த எண்ணிக்கை பதிவாகிறது, மென்பொருளால் படித்துவிடலாம். 2021இல் வந்த நிக்கான் இசட்9இல் இயந்திர ஷட்டரே இல்லாததால் அங்கே இந்தக் கேள்வி எழுவதில்லை.

சென்சாரைச் சோதிக்க எஃப் 16க்கு அபர்ச்சரைச் சுருக்கி வெறும் வானத்தைப் படமெடுத்தால் போதும். தூசி கரும்புள்ளிகளாகத் தெரியும். லென்ஸைச் சோதிக்க, அபர்ச்சரை முழுதாகத் திறந்து, பின்பக்கத்திலிருந்து டார்ச் அடித்து முன்பக்கம் சாய்வாகப் பார்க்க வேண்டும். உள்ளே பூஞ்சையின் நூலிழைகள் படர்ந்திருக்கின்றனவா என்பது அப்போது தெரிந்துவிடும். அபர்ச்சரைச் சுருக்கிப் பார்த்தால் அதன் தகடுகளில் எண்ணெய்ப் பளபளப்பு இருக்கிறதா என்பதும் தெரியும்.

துடைப்பது

லென்ஸில் வரும் கீறல்களில் பெரும்பாலானவை துடைக்கும்போது விழுபவை. சட்டை நுனியில் ஒட்டியிருக்கும் ஒரு மணல் துகளே அதற்குப் போதும். முதலில் ரப்பர் ப்ளோவரால் ஊத வேண்டும். வாயால் ஊதினால் எச்சில் தெறிக்கும். போகாத தூசிக்கு மென்மையான பிரஷ். விரல் ரேகைக்கு மட்டும் மைக்ரோஃபைபர் துணியில் ஒரு சொட்டுத் திரவம், நடுவிலிருந்து வெளிப்புறமாகச் சுழற்றித் துடைப்பது. திரவத்தை நேரே கண்ணாடியில் விட்டால் ஓரத்தின் வழியே உள்ளே இறங்கும்.

ஒலிம்பஸ் 2003இல் தன் இ-1 கேமராவில், சென்சாரின் முன்னுள்ள தகட்டை மீயொலி அதிர்வால் உலுக்கித் தூசியை உதிர்க்கும் ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. பின்னர் மற்றவர்களும் இத்தகைய ஏற்பாடுகளைச் செய்தார்கள். அது காய்ந்த தூசிக்குத்தான் உதவும். ஒட்டிய கறைக்கு, சென்சார் அகலத்துக்கேற்ற ஸ்வாப் தேவை. பேட்டரி முழுதாக ஏறியிருப்பதும் முக்கியம்: துடைத்துக்கொண்டிருக்கையில் மின்சாரம் தீர்ந்து ஷட்டர் மூடினால் போவது ஷட்டர். அழுத்தக் காற்று டப்பாக்கள் குளிர்ந்த திரவத்தைப் பீய்ச்சிவிடும் என்பதால் சென்சார் அருகில் ஆகாது.

சென்சாருக்கு ஒளியும் எமன்தான். 2017 ஆகஸ்ட் 21 அன்று அமெரிக்காவில் தெரிந்த முழுச் சூரிய கிரகணத்தை ஃபில்டர் இல்லாமல் எடுக்கப் போனவர்களின் கேமராக்களில் ஷட்டர் திரையும் சென்சாரும் லென்ஸின் அபர்ச்சர் தகடுகளும் பொசுங்கின. மேடை லேசர் விளக்கும் ஒரு நொடியில் சென்சாரில் அழியாத கோடு போட்டுவிடும்.

ஈரமும் ஃபங்கஸும்

லென்ஸின் கண்ணாடிகள் ஒவ்வொன்றின் மேலும் மெல்லிய பூச்சு உண்டு. ஜெர்மனியின் கார்ல் சைஸ் நிறுவனத்தில் அலெக்சாண்டர் ஸ்மகுலா 1935இல் உருவாக்கிய முறையிலிருந்து வளர்ந்தது அது. பூச்சில்லாத கண்ணாடி, காற்றைத் தொடும் ஒவ்வொரு பக்கத்திலும் சுமார் 4 சதவீத ஒளியைத் திருப்பி அனுப்புகிறது. கேனனின் 24-70 எஃப் 2.8 எல் 2 லென்ஸில் 18 கண்ணாடிகள் 13 தொகுதிகளாக உள்ளன. காற்றைத் தொடும் பரப்புகள் 26. பூச்சு இல்லையென்றால் உள்ளே நுழையும் ஒளியில் மூன்றில் ஒரு பங்குதான் சென்சாரை எட்டும். இந்தப் பூச்சைத்தான் ஃபங்கஸ் எனப்படும் பூஞ்சை அரிக்கிறது.

ஃபங்கஸின் வித்துகள் எந்த வீட்டுக் காற்றிலும் இருப்பவை. ஈரப்பதம் 60 சதவீதத்தைத் தாண்டி, வெளிச்சமும் காற்றோட்டமும் இல்லாமல் நாள்கணக்கில் கிடந்தால் அவை முளைக்கின்றன. சென்னை, நாகப்பட்டினம், யாழ்ப்பாணம் போன்ற கடலோர ஊர்களில் ஆண்டின் பெரும்பகுதி காற்று அப்படித்தான் இருக்கிறது. வடகிழக்குப் பருவமழைக் காலம் இன்னும் மோசம். முதலில் ஒரு புள்ளி, பிறகு சிலந்தி நூல்போல் கிளைகள். அது கக்கும் அமிலம் பூச்சை அரித்து, விட்டுவைத்தால் கண்ணாடியையே பதம் பார்க்கும்.

பீரோவில் துணியோடு வைப்பது இதற்கு நல்ல வரவேற்பு. அங்கே போடும் பாச்சை உருண்டையும் கற்பூரமும் கேமராவுக்கு ஆகாது என்று நிக்கானின் கையேடுகள் எச்சரிக்கின்றன. தோல் உறையும் ஈரத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும். மின்சாரத்தில் இயங்கும் ட்ரை கேபினட்டை 40 முதல் 50 சதவீதத்தில் வைப்பதே நம்பகமான வழி. அதற்கு வசதியில்லாதவர், காற்றுப் புகாத மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பா, சிலிக்கா ஜெல், சிறிய ஈரமானி ஆகியவற்றைக் கொண்டு சில நூறு ரூபாயிலேயே ஏறக்குறைய அதே பயனைப் பெறலாம். நீல நிற ஜெல் இளஞ்சிவப்பானால் ஈரம் நிறைந்துவிட்டது என்று அர்த்தம். ஓவனில் சுமார் 120 டிகிரியில் சூடாக்கினால் மறுபடி நீலமாகும். இவை எல்லாவற்றையும்விட எளியது, லென்ஸை அடிக்கடி வெளியே எடுத்துப் பயன்படுத்துவது. ஃபங்கஸ் பிடித்த லென்ஸ் பக்கத்து லென்ஸுக்கும் நோயைப் பரப்பும் என்று பலர் அதைத் தனியே ஒதுக்குகிறார்கள். அதில் தவறில்லை, ஆனால் ஈரத்தைக் குறைக்காமல் இடத்தை மட்டும் மாற்றிப் பயனில்லை.

குளிரூட்டிய அறையிலிருந்து நேரே கடற்கரைக்குப் போனால் லென்ஸ் வியர்க்கிறது. கேமராவை ஜிப் பையில் மூடி, வெளிச்சூட்டுக்கு வந்தபின் திறந்தால் ஈரம் பையின் மேலேயே நிற்கும். மழையைத் தாங்கும் பாடி என்ற விளம்பரத்தையும் பாதிதான் நம்பலாம். லென்ஸின் மவுண்டிலும் ரப்பர் வளையம் இல்லையென்றால் நீர் நுழைய அங்கே வழி திறந்தே இருக்கிறது.

தொடக்கநிலை ஃபங்கஸை லென்ஸைப் பிரித்துத் துடைத்து நீக்கிவிடலாம். பிரித்த கண்ணாடிகளைப் பழைய நேர்க்கோட்டில் திரும்பப் பொருத்துவது கடினம் என்பதால் இது அனுபவமுள்ள மெக்கானிக்கின் வேலை. அரிக்கப்பட்ட பூச்சு திரும்பி வராது. ஓரத்தில் மெல்லியதாகப் படிந்த ஃபங்கஸ் சாதாரண வெளிச்சத்தில் எடுத்த படத்தில் தெரிவதே அரிது. சூரியனை நோக்கி எடுக்கும்போதுதான் வெண்மூட்டமாக வெளிப்படும். ஆனாலும் அத்தகைய லென்ஸின் விலை பாதிக்கும் கீழே சரிந்துவிடுவது உண்டு. சுத்தம் செய்யும் கூலியையும் சேர்த்துக் கட்டுப்படியாகுமென்றால், வெயிலுக்கு எதிரே நின்று படமெடுக்காதவர் அதைத் துணிந்து வாங்கலாம்.