லிங்கன் பிறந்தநாளில் ஸ்பிரிங்ஃபீல்டில் கூடும் வரலாற்றாசிரியர்கள்... சொந்த ஊரில் அப்படி என்ன பேசுகிறார்கள்? முழு விளக்கம்

அமெரிக்காவின் 16ஆவது அதிபர் ஆபிரகாம் லிங்கனின் பிறந்தநாள் பிப்ரவரி 12. அந்த நாளில் இல்லினாய்ஸ் மாகாணத்தின் தலைநகர் ஸ்பிரிங்ஃபீல்டு களைகட்டிவிடும். மாகாணம் முழுக்க அரசு விடுமுறை. ஓக் ரிட்ஜ் கல்லறைத் தோட்டத்தில் உள்ள லிங்கன் சமாதியில் மலர்வளையம் வைக்கிறார்கள். இதெல்லாம் எந்தத் தலைவரின் பிறந்தநாளுக்கும் நடப்பதுதான்.

ஆனால் இந்த ஊரில் இன்னொரு வழக்கமும் உண்டு. லிங்கனைப் பற்றி ஆய்வு செய்யும் வரலாற்றாசிரியர்கள் கூடிக் கருத்தரங்கம் நடத்துகிறார்கள். மாலையில் விருந்து, அதில் ஒரு சிறப்புரை. நடத்துவது 'ஆபிரகாம் லிங்கன் சங்கம்'. 2009ஆம் ஆண்டு, லிங்கனின் 200ஆவது பிறந்தநாள் விருந்தில் பேசியவர், பதவியேற்று ஒரு மாதம்கூட ஆகாத அதிபர் பராக் ஒபாமா.

ஒரு தலைவரைக் கொண்டாடும் நாளில் ஆராய்ச்சி எதற்கு? அதற்கான பதில் இந்த ஊரின் கதையிலேயே இருக்கிறது.

ஸ்பிரிங்ஃபீல்டு லிங்கனின் சொந்த ஊரா?

பிறந்த ஊர் இது இல்லை. லிங்கன் 1809ல் கென்டக்கி மாகாணத்தில் பிறந்தார். சிறுவயது இண்டியானாவில் கழிந்தது. குடும்பத்தோடு இல்லினாய்ஸ் வந்தது 1830ல். நியூ சேலம் என்ற சிற்றூரில் கடை வைத்தார், தபால் அலுவலகத்தைக் கவனித்தார், நில அளவையும் செய்தார். 1837ல், 28 வயதில், வக்கீல் தொழில் செய்ய ஸ்பிரிங்ஃபீல்டுக்கு வந்து சேர்ந்தார்.

அதன்பிறகு சுமார் 24 ஆண்டுகள் இதுதான் அவர் ஊர். 1842ல் மேரி டாட்டைத் திருமணம் செய்தது இங்கேதான். 1844ல் வீடு வாங்கினார். அவர் வாழ்நாளில் சொந்தமாக வைத்திருந்த வீடு இது ஒன்றே ஒன்றுதான். நான்கு மகன்களில் மூவர் அந்த வீட்டில் பிறந்தார்கள், எட்டி என்ற மகன் சிறுவயதிலேயே இங்கு இறந்தும் போனான். 1858ல் 'பிளவுபட்ட வீடு' என்று அறியப்படும் புகழ்பெற்ற உரையை நிகழ்த்தியது இங்குள்ள பழைய சட்டமன்றக் கட்டடத்தில்தான்.

1861 பிப்ரவரி 11, அதாவது தன் 52ஆவது பிறந்தநாளுக்கு முந்தைய நாள், அதிபராகப் பொறுப்பேற்க ரயில் ஏறினார். அதற்குப் பிறகு உயிரோடு ஊர் திரும்பவில்லை. 1865 மே மாதம் அவர் உடல்தான் வந்தது. பழைய சட்டமன்றத்திலேயே அஞ்சலிக்கு வைக்கப்பட்டு, மே 4ல் ஓக் ரிட்ஜில் அடக்கம் செய்யப்பட்டது.

சங்கம் எப்படி உருவானது?

லிங்கனின் நூற்றாண்டு 1909ல் வந்தது. அதைக் கொண்டாடத் தொடங்கப்பட்டதுதான் 'லிங்கன் நூற்றாண்டுச் சங்கம்'. பின்னாளில் இதுவே 'ஆபிரகாம் லிங்கன் சங்கம்' ஆனது.

ஆனால் அந்தக் கொண்டாட்டத்துக்குச் சில மாதங்கள் முன்பு இதே ஊரில் பெரும் கொடுமை ஒன்று நடந்தது. 1908 ஆகஸ்டில், ஒரு வெள்ளையினப் பெண் கொடுத்த பாலியல் புகாரையடுத்து வெள்ளையினக் கும்பல் கறுப்பின மக்களின் வீடுகளையும் கடைகளையும் எரித்தது. ஸ்காட் பர்ட்டன், வில்லியம் டானகன் என்ற இரண்டு கறுப்பினத்தவர்கள் கும்பலால் கொல்லப்பட்டார்கள். நிலைமையை அடக்க ஆயிரக்கணக்கான படையினர் வரவேண்டியதாயிற்று. புகார் கொடுத்த பெண், தான் அடையாளம் காட்டிய நபர் குற்றவாளி இல்லை என்று பின்னர் ஒப்புக்கொண்டார்.

அடிமை முறையை ஒழித்த தலைவரின் ஊரிலேயே இப்படியா என்று நாடே அதிர்ந்தது. அந்த அதிர்ச்சியில் உருவான அமைப்புதான் கறுப்பின மக்களின் உரிமைக்காக இன்றுவரை இயங்கும் என்ஏஏசிபி. அதற்கான அழைப்பு வெளியான நாள் 1909 பிப்ரவரி 12, அதாவது லிங்கனின் 100ஆவது பிறந்தநாள்.

அதே நாளில் ஸ்பிரிங்ஃபீல்டில் நடந்த நூற்றாண்டு விருந்தில் பிரிட்டன், பிரான்ஸ் தூதர்கள் பேசினார்கள். ஆனால் உள்ளூர் கறுப்பின மக்களுக்கு அங்கே இடமில்லை. அவர்கள் தனியாகக் கூடி லிங்கனை நினைவுகூர்ந்தார்கள்.

கலவரம் நடந்த இடத்தின் ஒரு பகுதி 2024 ஆகஸ்டில்தான் தேசிய நினைவிடமாக அறிவிக்கப்பட்டது. கிட்டத்தட்ட 116 ஆண்டுகள் கழித்து!

விருந்திலிருந்து ஆராய்ச்சிக்கு...

1920களில் சங்கத்தின் போக்கு மாறியது. பால் ஏங்கிள் என்ற இளம் வரலாற்றாசிரியர் அதன் செயலாளராக வந்தார். அப்போதுதான் ஒரு பரபரப்பு. லிங்கனும் அவரது இளமைக்காலக் காதலியாகச் சொல்லப்படும் ஆன் ரட்லெட்ஜும் எழுதிக்கொண்ட காதல் கடிதங்கள் கிடைத்துவிட்டன என்று 'அட்லாண்டிக் மன்த்லி' இதழ் 1928 டிசம்பர் முதல் வெளியிடத் தொடங்கியது. ஊரே உருகியது.

ஏங்கிள் மட்டும் உருகவில்லை. கடிதத்தில் ஒரு நிலத்தின் 'பிரிவு 40' பற்றிப் பேச்சு வருகிறது. அமெரிக்க நில அளவை முறையில் ஒரு டவுன்ஷிப்பில் இருப்பதே 36 பிரிவுகள்தான். நில அளவையாளராக வேலை பார்த்த லிங்கன் இப்படி எழுதுவாரா? 1830களின் கடிதத்தில் கான்சாஸுக்குக் குடிபோவது பற்றியும் வருகிறது. கான்சாஸ் குடியேற்றத்துக்குத் திறக்கப்பட்டதே 1854ல்தான். எல்லாமே போலி என்று நிரூபணமானது. அந்த மறுப்பையும் அதே இதழ் 1929ல் வெளியிட்டது.

அடுத்து இன்னும் பெரிய வேலை. ராய் பேஸ்லரைப் பதிப்பாசிரியராகக் கொண்டு, லிங்கனின் கடிதங்கள், உரைகள், குறிப்புகள் எல்லாவற்றையும் சங்கம் தொகுத்தது. 1953ல் 8 தொகுதிகளாக வெளிவந்த அந்தத் தொகுப்பு இன்று இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. லிங்கன் ஒன்றைச் சொன்னாரா, இல்லையா என்று சந்தேகம் வந்தால் ஆய்வாளர்கள் முதலில் பார்ப்பது இதைத்தான்.

கொண்டாட்டமா, விசாரணையா?

கருத்தரங்கங்களில் அலசப்படும் லிங்கன் பாடப்புத்தக லிங்கன் அல்ல. அவர் நடத்திய 5,000க்கும் மேற்பட்ட வழக்குகளின் ஆவணங்கள் திரட்டப்பட்டுள்ளன. அதில் பெரும்பகுதி கடன் வசூல் தகராறுகள். 1841ல் நான்ஸ் என்ற கறுப்பினப் பெண் சுதந்திரமானவர் என்று தீர்ப்பு வர வாதாடியதும் அவர்தான். 1847ல் ராபர்ட் மேட்சன் என்ற அடிமை உரிமையாளருக்காக ஆஜரானதும் அவர்தான். அந்த வழக்கில் அவர் தோற்றார், அடிமைக் குடும்பம் விடுதலை பெற்றது. இந்த இரண்டையும் சேர்த்து வைத்து எப்படிப் புரிந்துகொள்வது? ஆய்வாளர்கள் விவாதிப்பது இதைத்தான்.

இதில் பணமும் கௌரவமும்கூட சிக்கியிருக்கிறது. ஸ்பிரிங்ஃபீல்டில் உள்ள லிங்கன் அருங்காட்சியகத்துக்காக, அதன் அறக்கட்டளை 2007ல் கடன் வாங்கிப் பெரிய தொகுப்பு ஒன்றை வாங்கியது. அதில் ஒரு உயரமான தொப்பியும் இருந்தது. மதிப்பு 65 லட்சம் டாலர். லிங்கன் ஒரு விவசாயிக்குக் கொடுத்த தொப்பி என்றார்கள். ஆனால் எப்போது, எங்கே கொடுத்தார் என்ற கதை காலப்போக்கில் மாறிக்கொண்டே வந்தது. மரபணுச் சோதனையிலும் தெளிவு கிடைக்கவில்லை. அது லிங்கனுடையது என்பதற்கு ஆதாரம் இல்லை என்று மாகாணத்தின் வரலாற்றாசிரியரே 2019ல் அறிக்கை கொடுத்தார்.

சரி, நமக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

தமிழ்நாட்டில் பல பள்ளிகளின் சுவர்களில் ஒட்டப்பட்டிருக்கும், ஆசிரியர் தின மேடைகளில் வாசிக்கப்படும், வாட்ஸ்அப்பில் ஆண்டுதோறும் சுற்றிவரும் ஒரு கடிதம் உண்டு. 'மகனின் ஆசிரியருக்கு ஆபிரகாம் லிங்கன் எழுதிய கடிதம்'. நல்ல கருத்துகள்தான், யாரும் மறுக்கப்போவதில்லை. ஆனால் லிங்கன் அதை எழுதியதற்கு எந்த ஆதாரமும் இல்லை. அந்த 8 தொகுதிகளில் அது இடம்பெறவும் இல்லை.

ஒரு தலைவரை நேசிப்பவர்கள்தான் அவர் பெயரில் போலிகளை அதிகம் நம்புகிறார்கள். அதனால்தான் லிங்கனின் பிறந்தநாளில் மாலையோடு நிறுத்தாமல், ஆவணங்களையும் கையில் எடுத்துக்கொண்டு அவர் ஊரில் கூடுகிறார்கள்.