கல்லிடம் கற்ற பாடம்



தீவகத்துப் பாடசாலை ஒன்றில் நெடுங்காலம் வரலாறு கற்பித்து, இன்று அதிபராக இருப்பவன் நான். கற்காலத்தைப் பற்றிக் கூறும்போதெல்லாம், "ஆதி மனிதன் கல்லை உடைத்துக் கருவி செய்தான்" என்று ஒரே வாக்கியத்தில் முடித்துவிட்டு அரசர்களின் கதைக்கு விரைவது என் வழக்கம். ஒருநாள் மாணவன் ஒருவன் எழுந்து, "ஐயா, எப்படி உடைத்தான்?" என்று வினவினான். பட்டம் பெற்ற ஆசிரியனாகிய என்னிடம் விடை இல்லை. அந்த வெட்கமே என்னை ஒரு புதிய பொழுதுபோக்கில் ஈடுபடுத்தியது.

கல்முனை செய்வதற்கு மிகவும் இணக்கமான பொருள் எரிமலைக் கண்ணாடி என்பர். ஒப்சிடியன் என்பது அதன் பெயர். எரிமலைக் குழம்பு மணியுருக் கொள்ளுமுன் விரைந்து குளிர்ந்தால் அது பிறக்கும். எரிமலை இல்லாத நம் நாட்டில் அதற்கு எங்கே போவது? நம் தீவுகளிலோ சுண்ணப்பாறையும் முருகைக்கல்லுமே உண்டு. ஆயினும் கண்ணாடி எங்கும் கண்ணாடியே அன்றோ? பழைய போத்தல்களின் தடித்த அடிப்பாகத்தை எடுத்துக்கொண்டேன். மரப்பிடியில் செருகிய செப்புக் கம்பி ஒன்று, உள்ளங்கையைக் காக்க ஒரு தோற்றுண்டு, விளிம்பைத் தேய்க்க ஒரு சாணைக்கல், கண்ணைக் காக்க மூக்குக்கண்ணாடி. இவையே என் பட்டறை.

முதல் மாதத்தில் நான் செய்தவை கண்ணாடித் தூளும் விரற்காயங்களுமே. வலிமையாக அழுத்தினால் போதும் என்று எண்ணியதே என் பிழை. கூரிய விளிம்பு அழுத்தத்தைத் தாங்காது நொறுங்கும். ஆதலின் முதலில் அதைத் தேய்த்து மழுக்கவேண்டும். கூர்மை பெறுவதற்கு முன் மழுங்கவேண்டும் என்பது எனக்கு வியப்பாக இருந்தது. அடுத்து, விளிம்பின் கோணம் செங்கோணத்திலும் குறைந்திருத்தல் வேண்டும். அதன்பின் கம்பியின் நுனியை விளிம்பில் ஊன்றி, உள்நோக்கி அழுத்திச் சற்றே கீழ்நோக்கித் திருப்பினால், மெல்லிய சிராய் ஒன்று "இணுக்" என்னும் ஓசையோடு கழன்று விழும். கழன்ற இடத்தைப் பார்த்தேன். சிப்பியின் உட்புறம்போற் குழிந்து, அலை அலையாக வரிகள் ஓடின. அறிஞர் இதனைச் சங்குருவ முறிவு என்பர். கடற்கரையிற் பிறந்த நமக்கு இப்பெயரை விளக்கவும் வேண்டுமோ?

இவ்வழியில் எனக்கு முன்னோடிகள் உளர். 1911ஆம் ஆண்டில், தன் இனத்தார் அனைவரும் அழிந்தபின் தனித்து எஞ்சிய இஷி என்னும் அமெரிக்கப் பழங்குடி மனிதர் கலிபோர்னியாவில் வெளிப்பட்டார். சான் பிரான்சிஸ்கோ நூதனசாலையில் வாழ்ந்த அவர், எரிமலைக் கண்ணாடியிலும் போத்தற் கண்ணாடியிலும் அழகிய அம்புமுனைகள் செய்து காட்டினார். 1916இல் அவர் மறைந்தார். பின்னர், ஐடகோ மாநிலத்தவரான டொன் கிராப்ட்ரீ தாமாகவே இக்கலையைப் பயின்று, பல்கலைக்கழக அறிஞர்களுக்கே ஆசானானார். கல்லை ஆராய்வோர் கல்லை உடைக்கவும் அறிதல் வேண்டும் என்னும் கொள்கை அத்தகையோரால் வேரூன்றியது.

நம் நாட்டு முன்னோர் எடுத்தாண்டது பெரும்பாலும் படிகக்கல். சுவிற்சர்லாந்து நாட்டுச் சரசின் அறிஞர் இருவர் 1907இல் நில்கலைக் குகையில் அத்தகைய கருவிகளைக் கண்டெடுத்தனர். பாகியங்கலக் குகையிற் கிடைத்த நுண்கற்கருவிகள் ஏறத்தாழ 48,000 ஆண்டுகள் பழமையானவை என்று 2019இல் வெளியான ஆய்வு கூறுகிறது. அன்பர் ஒருவர் வன்னியிலிருந்து கொணர்ந்த படிகக்கல்லை நானும் உடைத்துப் பார்த்தேன். கண்ணாடியைப் போல் அது பணியவில்லை. உள்ளிருந்த வெடிப்புகளின் வழியே தாறுமாறாகச் சிதறியது. கொட்டங்காயைக் கல்மேல் நிறுத்தி உடைக்கும் சிறுவனைப்போல், அடிக்கல்மேல் நிறுத்தி மேலிருந்து அடித்தபோதுதான் சில கூரிய சில்லுகள் கிடைத்தன. இத்துணைப் பிடிவாதமான கல்லில் நகத்தளவுப் பிறைவடிவும் முக்கோணமும் செதுக்கிய கைகளை "அறிவற்ற காட்டுமிராண்டியின் கைகள்" என்று சொல்ல இனி எனக்கு நாவெழாது.

இனி, நம் வாசலுக்கே வருவோம். ஊர்காவற்றுறையோடு ஒரே தீவில் அமைந்த வேலணையில், பழைய மாந்தர் உண்டு கழித்த சிப்பிகள் குவிந்த இடம் ஒன்று அண்மைக் காலத்தில் அகழ்ந்தாராயப்பட்டது. அங்கு மாந்தர் வாழ்ந்த காலம் ஏறத்தாழ 3,400 ஆண்டுகளுக்கு முற்பட்டது எனக் கணித்துள்ளனர். கற்கருவிகளும் அங்குக் கிடைத்தன. படிகக்கல் நம் சுண்ணப்பாறையிற் பிறப்பதன்று. ஆகவே அத்தகைய கல் இத்தீவில் எங்குக் காணப்படினும், யாரோ ஒருவர் பரவைக்கடலைக் கடந்து அதனைக் கொணர்ந்தார் என்பது பொருள். நயினாதீவில் உள்ள பராக்கிரமபாகுவின் தமிழ்க் கல்வெட்டு, 12ஆம் நூற்றாண்டில் ஊர்காவற்றுறைக்கு வந்த மரக்கலங்களைப் பற்றிப் பேசுகிறது. அக்கல்வெட்டே நம் தொடக்கம் என்று மாணவர்க்குப் போதித்து வந்தேன். அதற்கு ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே, எழுத்தறியாத ஒருவர் இக்கரையில் அமர்ந்து கல்லைத் தட்டிக்கொண்டிருந்தார்.

நேயர்களே, கல்வெட்டு உடைந்தால் ஊர் அறியும். சிப்பி மேட்டை மண்வெட்டியால் வாரி, வீட்டு அத்திவாரத்திற் கொட்டினால் யார் அறிவார்? கிணறு வெட்டும்போதோ நிலம் திருத்தும்போதோ அந்நியக் கற்சில்லுகள் தென்பட்டால், அவற்றை எடுத்துச் செல்லாது இருந்த இடத்திலேயே விட்டு, தொல்பொருள் திணைக்களத்திற்கு அறிவியுங்கள். இடம் பெயர்ந்த சில்லு நாவிழந்த சாட்சி. என் பொழுதுபோக்கை மேற்கொள்ள விரும்புவோர் திறந்த வெளியில் அமருங்கள். கல்தூள் நுரையீரலுக்குப் பகை. பழைய சில்லு எதையும் உடைக்காதீர்கள். நீங்கள் செய்ததில் ஆண்டைப் பொறித்துவையுங்கள். நாளைய ஆராய்ச்சியாளர் மயங்குதல் கூடாது.

கேள்வி கேட்ட மாணவனிடம் என் போத்தல் அம்புமுனையை ஒருநாள் நீட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஐயா, அவர்களுக்கு இதை யார் சொல்லிக்கொடுத்தது?" என்றான். அவர்களுக்கும் ஓர் ஆசான் இருந்திருப்பார், காயம்பட்ட விரல்களோடு. அந்த ஆசானுக்கும் நம் வரலாற்று நூலில் ஓர் இடம் உண்டு என்று அவனிடம் சொன்னேன்.