ஆதி நாகப்பன் ஆணையமும் ஊராட்சி உரிமையும்

செங்கற்சூளைகளால் பெயர்பெற்ற பிரிக்பீல்ட்ஸ் உள்ளிட்ட கோலாலம்பூர், 1890-ஆம் ஆண்டில் சுகாதார வாரியம் ஒன்றின் பரிபாலனத்துக்குள் வந்தபோது, சாக்கடையையும் குப்பையையும் பற்றித் தீர்மானித்தவர்கள் சர்க்காரால் நியமனம் பெற்றவர்களேயன்றி, வரி செலுத்திய ஜனங்களால் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் அல்லர். அறுபது ஆண்டுகளுக்கும் அதிகமாக நீடித்த அந்த நிலை 1952 பிப்ரவரியில் மாறிற்று. நகரசபையின் 12 ஸ்தானங்களுக்குத் தேர்தல் நடந்தது. பங்சார் வட்டாரத்தில் வென்ற தேவகி கிருஷ்ணன், மலாயாவில் மக்கள் வாக்கால் பதவி பெற்ற முதல் பெண்மணி என்ற கீர்த்தியை அடைந்தார். ஆயினும் 1961-இல் தலைநகர நிர்வாகம் நியமன ஆணையர் ஒருவரிடம் ஒப்படைக்கப்பட்டு, அந்த வாக்குரிமை மறைந்தது.

ஏனைய ஊர்களின் தேர்தல்களும் இந்தோனேசியாவுடன் அப்போது நிலவிய மோதலைக் காரணங்காட்டி 1965 மார்ச்சில் நிறுத்திவைக்கப்பட்டன. சில மன்றங்களின்மீது முறைகேட்டுப் புகார்களும் எழுந்திருந்தன. அவ்வாண்டே அமைந்த அரச விசாரணை ஆணையத்துக்கு, தமிழர் சமூகத்தின் புகழ்பெற்ற வழக்கறிஞரும் செனட்டருமான ஆதி நாகப்பன் தலைமை ஏற்றார். மூன்றாண்டுக் காலம் பரிசீலித்து, 1968 டிசம்பரில் சமர்ப்பித்த அறிக்கையில் அவர் குழு கூறிய முடிவு, நம் அரசியல் சரித்திரத்தில் மிகவும் துணிவானவற்றுள் ஒன்று என்பது என் அபிப்பிராயம்: நிர்வாகக் குறைகள் உண்மையே என்றாலும், அவற்றைக் களையும் மார்க்கம் வாக்காளரை விலக்குவதன்று, தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றமே நியமன மன்றத்தைக் காட்டிலும் சிரேஷ்டமானது. கணக்கில் பிழை நேர்ந்தால் கணக்கரைத் திருத்தலாம், மாற்றலாம். கணக்குக் கேட்கும் உரிமையுடையவரையே வெளியேற்றுவது எவ்வாறு பரிகாரமாகும்?

அந்த அறிக்கை வெளியானது 1971-இன் இறுதியில்தான். மோதலோ 1966-லேயே முடிந்துபோயிருந்தது. அரசாங்கம் ஆணையத்தின் பிரதான சிபாரிசை ஏற்கவில்லை. 1976-ஆம் ஆண்டின் ஊராட்சி மன்றச் சட்டம், 8 முதல் 24 வரையிலான உறுப்பினர்களை மாநில அரசே நியமிக்கும் முறையை நிலைநிறுத்திற்று. ஆனால் அதே சட்டத்தின் 23-ஆம் பிரிவு, மன்றக் கூட்டங்கள் பொதுமக்களுக்கும் பத்திரிகையாளருக்கும் திறந்திருக்க வேண்டும் என்றும் விதித்தது. வாக்கைப் பறித்த சட்டமே வாசலைத் திறந்து வைத்திருப்பதை நம்மவர் அறிந்து பயன்படுத்த வேண்டும் என்பது என் உள்ளார்ந்த வேண்டுகோள்.

கூட்டங்களைப் போலவே ஆவணங்களுக்கும் ஒரு வாசல் உண்டு. சிலாங்கூர் மாநிலம் 2011-இல் தகவல் பெறும் உரிமைக்கென ஒரு சட்டம் இயற்றியது. கிள்ளான்வாசி தம் ஊர் மன்றத்தின் ஆவணங்களை அதன் வழியே கேட்கலாம். கூட்டரசுப் பிரதேசத்துக்குள் அடங்கிய பிரிக்பீல்ட்ஸ்வாசிக்கோ அம்மாநிலச் சட்டம் செல்லுபடியாகாது.