ஒரே தாத்தா, மூணு ஸ்பெல்லிங்: எல்லையோரக் குடும்பத்தின் பழைய காகிதங்களை கம்ப்யூட்டரில் அடுக்குவது எப்படி?

களியக்காவிளையில் பஸ் ஏறினால் டிக்கெட் வாங்குவதற்குள் இஞ்சிவிளை. அடுத்து பாறசாலை. இடையில் மாநிலமே மாறிவிடுகிறது. ஆனால் இங்கே கல்யாணமும் நிலமும் எல்லைக்கோட்டைப் பார்த்து நடந்ததில்லை. அதனால் பாறசாலை, காரோடு, நெய்யாற்றின்கரை பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களின் காகிதங்கள் இரண்டு மாநிலங்களிலும் சிதறிக் கிடக்கும். தாத்தா பெயரில் உள்ள பத்து சென்ட்டைப் பேர் மாற்றப் போகும்போதுதான் சிக்கல் தெரியும். ஒரு பக்கம் பட்டா, மறுபக்கம் தண்டப்பேர். “ரெண்டும் ஒரே ஆள்தான்னு எப்படி நம்புறது?” என்பார்கள்.

பதில் உங்கள் லேப்டாப்பிலேயே இருக்கலாம், ‘ஸ்கேன் 0047’ என்ற பெயரில்.

ஃபோல்டருக்கு மாநிலத்தின் பெயர் ஏன் கூடாது?

1956 நவம்பர் 1-ல்தான் விளவங்கோடு, கல்குளம், தோவாளை, அகஸ்தீஸ்வரம் தாலுகாக்கள் கன்னியாகுமரி மாவட்டமாகி அன்றைய சென்னை மாநிலத்தில் சேர்ந்தன. திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் நெய்யாற்றின்கரையையும் கேட்டது. அது கேரளத்திலேயே நின்றது. ஆக, அதற்கு முந்தைய காகிதங்களுக்கு இந்தப் பக்கம், அந்தப் பக்கம் என்பதே கிடையாது. இன்றைய தமிழ்நாட்டு ஊரின் பழைய பத்திரம்கூட மலையாளத்தில் இருக்கும். ‘கேரளா’, ‘தமிழ்நாடு’ என்று இரண்டு ஃபோல்டர் போட்டால் ஒரே மனிதரை நீங்களே இரண்டாக வெட்டிவிடுவீர்கள்.

பெயரை வைத்தும் அடுக்க முடியாது. ஞானமுத்து என்ற பெயரை ஆங்கிலத்தில் ஒரு ஆபீஸ் ‘ஜி’யில் தொடங்கும், மலையாள உச்சரிப்பைக் கேட்டு எழுதுபவர் ‘என்’னில் தொடங்குவார், சிலர் ‘ஜே’. இனிஷியல் ஒரு பக்கம் முன்னால், மறுபக்கம் பின்னால். வீட்டுப்பேரும் கைகொடுக்காது. புதுவீடு கட்டியவரெல்லாம் ‘புத்தன்வீடு’தான், சொந்தமே இல்லாதவர்கள் உட்பட!

அதனால் ஆளுக்கு ஒரு எண் கொடுங்கள். தாத்தா 012 என்றால் எப்போதும் 012. ஒரு எக்செல் ஷீட்டில் அந்த எண்ணுக்கு நேரே அவருக்குக் கிடைத்த எல்லா ஸ்பெல்லிங்கையும், எந்தக் காகிதத்தில் எது என்பதையும் எழுதுங்கள். எதையும் ‘திருத்த’ வேண்டாம். ஆபீஸில் கேட்கும் கேள்விக்குப் பதில் சொல்லப்போவது இந்தப் பட்டியல்தான்.

கொல்லம் ஆண்டை என்ன செய்வது?

பழைய பத்திரத்தில் ‘1105 மேடம் 5’ என்றிருக்கும். கொல்லம் ஆண்டு ஆகஸ்ட் நடுவில், சிங்க மாதத்தில் (நம் ஆவணி) பிறக்கிறது. அப்போதிருந்து டிசம்பர் முடியும் வரை 824-ஐயும், ஜனவரியிலிருந்து 825-ஐயும் கூட்ட வேண்டும். மேடம் நம் சித்திரை. எனவே அது 1930 ஏப்ரல். ஃபைல் பெயர் ‘1930-04_012_பத்திரம்_பாறசாலை’ என்று ஆண்டில் தொடங்கினால் கம்ப்யூட்டரே காலவரிசையில் அடுக்கிவிடும். காகிதத்தில் இருந்த தேதியை அப்படியே ஷீட்டில் வையுங்கள். கணக்கு தப்பினால் திரும்பிப் பார்க்கலாம்.

ஒரு சின்ன எச்சரிக்கை: மலையாளத்தில் பத்திரத்துக்கு ‘ஆதாரம்’ என்று பெயர். ஆங்கில எழுத்தில் அப்படிப் பெயர் வைத்தால், தேடும்போது வீட்டில் எல்லோருடைய ஆதார் கார்டும் வந்து நிற்கும்.

ஸ்கேன் செய்த மூலத்தை கிராப்கூடப் பண்ணாமல் தனி ஃபோல்டரில் விடுங்கள். வெட்டுவது, வெளிச்சம் கூட்டுவதெல்லாம் நகலில். வம்சாவளியை வரைய ‘கிராம்ப்ஸ்’ என்ற இலவச மென்பொருள் போதும். அது தரும் ‘ஜெட்காம்’ ஃபைலை வேறு மென்பொருளிலும் திறக்கலாம். ஆனால் அதற்குள் படங்கள் வராது, ஆட்களின் விவரம் மட்டும்தான். ஸ்கேன்களை ஒரு ஹார்ட் டிஸ்க்கில் போட்டு வேறு வீட்டில் வையுங்கள்.

தேவாலய ஞானஸ்நானப் பதிவேடு, பள்ளிச் சான்றிதழ் எல்லாம் பிறகு தேடலாம். அதற்கு முன் பாறசாலையில் இருக்கும் பெரிய அத்தையிடம் போனை ஆன் பண்ணி வைத்துப் பேசுங்கள். அந்த ஆடியோவுக்கும் அதே எண்தான். ஷீட்டில் மட்டும் ‘அத்தை சொன்னது’ என்று தனியாகக் குறியுங்கள். ஃபேமிலி வாட்ஸ்அப் குரூப்பில் வம்சாவளிப் படத்தைப் போடலாம். உயிரோடு இருப்பவர்களின் கார்டு ஸ்கேன்களைப் போடாதீர்கள்.