திருவேங்கடத்து நந்தவனமும் ஏரியும்

தமிழகத்தின் வட எல்லையென்று பண்டை நூலோர் வரையறுத்த வேங்கடம் இன்று ஆந்திர மாநிலத்தில் உள்ளது. 1911இல் சித்தூர் மாவட்டம் அமைந்தபோது அதனுள் அடங்கிய திருப்பதி, 2022இல் தனியொரு மாவட்டத்தின் தலைநகராயிற்று. எல்லைக் கோடுகள் மாறினும் தமிழ் மக்களின் கால்கள் அம்மலையை மறந்தில. நம் காலனியிலிருந்தும் ஆண்டுதோறும் சென்று வரும் குடும்பங்கள் பல. சென்று வந்தோரை வினவினால் தரிசனத்தையும் கூட்டத்தையும் லட்டுப் பிரசாதத்தையும் கூறுவர். நீரையும் மரத்தையும் பேணுதல் அங்கு வழிபாட்டின் உறுப்பாகவே வளர்ந்த வரலாற்றைக் கூறுவார் சிலரே. அதனைச் சுருக்கமாக எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

நந்தவனத் தொண்டு

வைணவப் பெரியோர் இறைவனுக்குச் செய்யும் பணியைக் ‘கைங்கரியம்’ என்பர். பாசுரம் ஓதுதல் கைங்கரியம்; உரை சொல்லுதல் கைங்கரியம். குளம் தோண்டுதலும், செடிக்கு நீர் வார்த்தலும், குடம் சுமத்தலும் அவற்றிற்குச் சிறிதும் தாழாத கைங்கரியங்கள் என்பது அவர்தம் கொள்கை. இராமாநுசரின் தாய்மாமனாகிய திருமலை நம்பி திருமஞ்சனத்திற்குரிய நீரை நாள்தோறும் மலைவழியே தம் தோளில் சுமந்து வந்தார் என்று குருபரம்பரை வரலாறு கூறுகின்றது. ஆசாரியராய் விளங்கிய ஒருவர் நீர் சுமந்தமையை இழிவாகக் கருதாமல் பெருமையாகவே போற்றினர்.

திருவரங்கத்தில் இராமாநுசர் திருவாய்மொழியின் திருவேங்கடப் பதிகத்திற்குப் பொருள் உரைக்கும்போது, அம்மலையில் தங்கி மலர்த்தொண்டு செய்யவல்லார் யாரேனும் உளரோ என்று வினவினாராம். குளிரும் காடும் நிறைந்த அம்மலையை நினைத்து ஏனையோர் வாளாவிருக்க, அனந்தன் என்னும் சீடர் ஒருவரே எழுந்தார். ‘ஆண்பிள்ளை’ என்று ஆசாரியர் அவரைப் பாராட்டினமையால் அனந்தாண்பிள்ளை என்னும் பெயரும் அவருக்கு வழங்கலாயிற்று. மைசூர்ப் பக்கத்தினராகிய அவர் தம் ஊரை விட்டு மலையேறினார். ஏரி ஒன்றை வெட்டினார். நந்தவனம் அமைத்து அதற்கு ஆசாரியர் பெயரையே இட்டார்.

கருவுற்றிருந்த மனைவியாரும் மண் சுமக்க, அவருக்கு உதவவந்த சிறுவனை அனந்தாழ்வான் கடப்பாரையால் அடித்தார் என்றும், அச்சிறுவன் வேங்கடவனே என்றும், அக்காயத்தின் நினைவாகவே இன்றும் பெருமாளின் திருமோவாயில் பச்சைக் கற்பூரம் சாத்தப்படுகின்றது என்றும் சொல்லுவர். இது பக்தி மரபு கூறும் கதை, கல்வெட்டுச் சான்றன்று. ஆயினும் கோயிலின் பெருவாயிலில் ஒரு கடப்பாரையை இன்றும் காணலாம். மண் வெட்டும் கருவியைத் திருவாயிலில் வைத்துப் போற்றும் சமயத்தார் மண்ணின் பணியை எவ்வளவு உயர்வாக மதித்தனர் என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ?

திருமலையில் பூக்கும் மலரெல்லாம் பெருமாளுக்கே உரியன என்பது மரபு. ஆதலின் மலைமேல் எவரும் பூச்சூடுவதில்லை. களைந்த மாலைகளையும் அடியார்க்கு வழங்காமல் பூங்கிணற்றில் இட்டு வந்தனர். 2021 முதல் தேவஸ்தானத்தார் கோயில்களில் களைந்த பூக்களைக் கொண்டு ஊதுவத்தி செய்யத் தொடங்கியுள்ளனர்.

பொன் நீரான வரலாறு

இனிக் கல்வெட்டுகளை நோக்குவோம். திருமலை திருப்பதிக் கோயில்களின் கல்வெட்டுகள் ஆயிரத்திற்கும் மேற்பட்டவை. அவற்றுள் பெரும்பாலானவை தமிழிலேயே அமைந்தவை. தேவஸ்தானம் 1930களில் அவற்றைத் தொகுதிகளாக அச்சிட்டது. விசயநகர மன்னர் காலத்து, அதாவது 15, 16ஆம் நூற்றாண்டுகளின் சாசனங்கள் அவற்றுள் மிகுதி.

மன்னர் ஊர்களை அளித்தனர். மற்றையோர் பெரும்பாலும் பொன்னும் பணமும் அளித்தனர். அப்பணம் ஸ்ரீபண்டாரத்தில் உறங்கவில்லை. கோயில் ஸ்தானத்தார் அதனைக் கொண்டு திருவிடையாட்ட ஊர்களில் ஏரி வெட்டினர், பழைய ஏரியைத் தூர்வாரினர், கால்வாய் தோண்டினர். அந்நீரால் பெருகிய விளைவிலிருந்து, கொடையாளர் பெயரால் நாள்தோறும் பெருமாளுக்கு அமுதுபடி நடைபெற்றது. அப்பிரசாதத்தில் நாலில் ஒரு பங்கு ‘விட்டவன் விழுக்காடு’ என்னும் பெயரால் கொடுத்தவருக்கு உரியதாயிற்று. இம்முறையின் சிறப்பை அமெரிக்க அறிஞர் பர்ட்டன் ஸ்டெயின் 1960இல் ஓர் ஆராய்ச்சிக் கட்டுரையில் விரிவாக விளக்கினார்.

இதன் நுட்பம் எண்ணத்தக்கது. ஏரி தூர்ந்தால் விளைவு குன்றும். விளைவு குன்றினால் நைவேத்தியம் தடைப்படும். ஆகவே கரையைக் காத்தல் உழவனுக்கு எத்துணை இன்றியமையாததோ, கோயிலாருக்கும் அத்துணை இன்றியமையாததாயிற்று. சந்திரரும் சூரியரும் உள்ளளவும் தருமம் நிலைக்க வேண்டும் என்று கல்லில் வெட்டுதல் எளிது. அதனை நிலைநிறுத்தியது ஆண்டுதோறும் மதகையும் கரையையும் பார்த்த கைகளே.

சாளுவ நரசிம்மர் காலத்தில் இராமாநுச கூடங்களின் பொறுப்பை ஏற்ற கந்தாடை இராமாநுச ஐயங்காரின் கீழ், பூணூல் அணியாத சாத்தாத வைணவர் அன்னதானத்திலும் மலர்த்தொண்டிலும் பங்கு கொண்டனர். வழிவழி மாலை தொடுத்த அக்கைகளையும் நாம் நன்றியுடன் நினைத்தல் வேண்டும்.

இன்றைய கடமை

திருமலையைத் தன்னுள் கொண்ட சேஷாசலக் காடு, உலகில் வேறெங்கும் அரிதாய செம்மரத்தின் தாயகம். 2010இல் அது உயிர்க்கோளக் காப்பகமாக அறிவிக்கப்பெற்றது. மலையடிவாரத்து ஏரிகளின் நிலை வேறு. நகரம் வளர வளர அவற்றுட் பல குறுகின. 2021 நவம்பரில் பெருமழை பெய்தபோது திருப்பதித் தெருக்களில் வெள்ளம் புகுந்தது. விசயநகர காலத்தது என்று சொல்லப்படும் இராயல செருவின் கரையில் நீர் கசிய, சுற்றியுள்ள சிற்றூர் மக்கள் இரவோடிரவாக மேட்டிடம் நாடினர். மணல் மூட்டைகளை அடுக்கிக் கரையைக் காத்தனர். முன்னோர் வெட்டிய ஏரி, பேணாதவிடத்து அச்சந்தரும் ஏரியாய் மாறும் என்பதை அந்நாட்கள் உணர்த்தின.

ஊர்விட்டு ஊர் வந்து வாழும் நமக்கு அனந்தாழ்வானின் வாழ்வு தனியொரு பாடம். அவரும் பிறந்த ஊரை விட்டு வந்தவரே. ‘இது என் ஊரன்று’ என்று அவர் கைகட்டி நிற்கவில்லை; வந்த இடத்திலேயே ஏரி வெட்டினார், மரம் வைத்தார். உண்டியலில் காணிக்கை இடும் நாம், நாம் வாழும் தெருவின் மரத்திற்கு ஒரு குடம் நீர் வார்ப்பதையும், அருகிலுள்ள குளத்தில் குப்பை விழாமல் காப்பதையும் அக்காணிக்கையோடு சேர்த்து எண்ணுவோமாக. திருவேங்கடத்துப் பெரியோர் நமக்கு விட்டுச்சென்ற விழுக்காடு இதுவே.