அம்மாயிமாருக்குச் செய்த ‘ஆப்ரேசன்’

உக்குவளைப் பக்கத் தோட்டங்களில் அறுபது வயதைத் தாண்டிய பெண்களிடம் பேச்சுக் கொடுத்தால், ‘எனக்கு ஆப்ரேசன் பண்ணியாச்சு’ என்பது சாதாரணமாக வந்து விழும். வயிற்றுக்குள் எதை வெட்டினார்கள் என்று கேட்டால்தான் குழப்பம். ‘கர்ப்பப்பைய எடுத்துட்டாங்க’ என்பார் ஒருவர். ‘நரம்ப கட்டிட்டாங்க’ என்பார் இன்னொருவர்.

இரண்டும் இல்லை. கர்ப்பப்பையின் இரு பக்கமும் சுமார் 10 சென்டிமீற்றர் நீளத்தில் ஒவ்வொரு குழாய் இருக்கிறது. சூலகத்திலிருந்து மாதத்துக்கு ஒரு முட்டை வெளியாகி இந்தக் குழாய்க்குள் வரும். அதற்கு ஆயுள் ஏறக்குறைய ஒரு நாள்தான். விந்தணு வந்து முட்டையோடு சேருவதும் இங்கேதான். கருவான பிறகே அது கர்ப்பப்பைக்குப் போய்ப் பதிகிறது. எல்.ஆர்.டி. என்பது இந்தக் குழாயைக் கட்டி ஒரு துண்டை வெட்டிவிடுவது. பாதை அடைபடும், அவ்வளவுதான். சூலகம் தன் வேலையைச் செய்யும், மாதவிடாயும் வரும். இதைச் சொல்லாமல் வீட்டுக்கு அனுப்பினால், அடுத்த மாதம் வழக்கம்போல் வந்ததும் அந்தப் பெண் பயந்துதானே போவார்?

சொல்வதற்குத் தமிழ் இல்லாமலில்லை. மானிப்பாயில் டொக்டர் சாமுவேல் கிறீன் 1850களிலேயே உடற்கூற்றையும் பிரசவ வைத்தியத்தையும் தமிழில் கொண்டுவந்துவிட்டார். நம்ம ஆட்கள் மன்னாரிலிருந்து தம்புள்ளை வழியாக மாத்தளைக் கோப்பித் தோட்டங்களுக்கு நடந்து வந்த அதே காலம் அது. அந்தப் புத்தகங்கள் லயத்துப் பக்கம் வரவில்லை.

இலங்கையில் குடும்பத் திட்டச் சங்கம் 1953இல் தொடங்கியது. 1965இல் அரசு அதைத் தன் சுகாதார சேவைக்குள் எடுத்தது. தோட்டங்கள் 1972இலும் 1975இலும் அரசுடைமையாகின. பிறகு 1980இல் கருத்தடைச் சிகிச்சை செய்தவர்களுக்குக் காசு கொடுக்கத் தொடங்கினார்கள்: முதலில் 100 ரூபாய், பின்னர் 500. கொழுந்து பறித்தோ பால் வெட்டியோ நாட்சம்பளத்தில் ஓடுகிற வீட்டில் அது சின்னக் காசு இல்லை. வேலை, லயம், டிஸ்பென்சரி எல்லாமே ஒரே கையில் இருக்கும்போது ‘வேணாம்’ என்று சொல்வது எவ்வளவு சுலபம்? 1948இல் இந்த மக்களின் குடியுரிமையைப் பறித்ததும் இதே அரசுதான் என்பதை நாங்கள் மறக்கவில்லை.

எல்லாரையும் ஏமாற்றித்தான் செய்தார்கள் என்று நாங்கள் எழுதமாட்டோம். ஐந்தாவது, ஆறாவது பிரசவத்துக்குப் பிறகு ‘போதும்டா சாமி’ என்று தாங்களாகவே போனவர்கள் உண்டு. அவர்களுக்கு அது விடுதலைதான். ஆனால் எங்கே வெட்டுகிறார்கள், மறுபடி சேர்ப்பது எவ்வளவு கஷ்டம், மாத்திரையோ லூப்போ போதாதா என்று தெரியாமல் வைத்த கைநாட்டைச் சம்மதம் என்று எப்படிச் சொல்வது?

ஆண்களுக்கான சிகிச்சை இதைவிடச் சின்னது, வயிற்றைத் திறக்கவே தேவையில்லை. காசு வந்த காலத்தில் ஆண்களும் போனார்கள். பிறகு அந்தப் பேச்சே தேய்ந்துபோக, எல்.ஆர்.டி. மட்டும் நிலைத்தது. அதற்குப் பின் வந்த ஆய்வுகளிலும் பெண்களின் கருத்தடைச் சிகிச்சை நகரத்தையும் கிராமத்தையும் விடத் தோட்டத்தில்தான் அதிகம்.

இப்போது பதினோராம் தரத்துக்குள் விஞ்ஞானப் பாடப்புத்தகத்தில் இந்தக் குழாயின் படம் இருக்கிறது. எங்களில் பலருக்கு அந்தப் பாடம் வந்த அன்று, ‘இத வீட்டுல வாசிச்சுக்குங்க’ என்று பக்கத்தைப் புரட்டிவிட்டார்கள்.