பழுது எங்கே இருந்தது? 1940-ஆம் ஆண்டின் ஓர் இலகு ரைஃபிளை முன்வைத்து

போர்க்கருவிகளின் வரலாற்றை எழுதுவோர், சோதனை அறிக்கைகளில் காணும் ‘தோல்வி’ என்னும் சொல்லைப் பெரும்பாலும் இறுதித் தீர்ப்பாகவே எடுத்துக்கொள்கின்றனர். கருவி தோற்றது, ஆகவே கைவிடப்பட்டது என்று ஒரே வரியில் கதை முடிந்துவிடுகிறது. எந்தத் தோட்டாவைக் கொண்டு சோதித்தனர், எத்தனை முறை சுட்டனர், உடைந்த உறுப்பு எது, அதைச் சீர்செய்ய எவ்வளவு காலமும் பணமும் எஞ்சியிருந்தன என்று கேட்டால் அதே அறிக்கை வேறொன்றைச் சொல்லும். ஸ்மித் அண்டு வெசன் நிறுவனம் உருவாக்கிய ‘1940 இலகு ரைஃபிள்’ இதற்குத் தக்க சான்று.

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்து ஸ்பிரிங்ஃபீல்டு நகரைச் சேர்ந்த அந்நிறுவனம் சுழல்துப்பாக்கிகளுக்குப் பெயர்பெற்றது. 1930-களின் இறுதியில் அது பணநெருக்கடியில் சிக்கியிருந்தது. அக்காலத்தில் எட்வர்டு பொமராய் என்னும் வடிவமைப்பாளர், 9 மில்லிமீட்டர் பாரபெல்லம் கைத்துப்பாக்கித் தோட்டாவைச் சுடும் அரைத்தானியங்கி ரைஃபிள் ஒன்றை வடிவமைத்தார். போர் தொடங்கியிருந்த நிலையில் ஆயுதப் பற்றாக்குறையால் தவித்த பிரிட்டன், இத்திட்டத்துக்காக நிறுவனத்துக்கு 10 லட்சம் டாலர் முன்பணம் அளித்தது. அமெரிக்கப் படையினரும் அதைப் பரிசீலித்தனர். அவர்களுடைய கைத்துப்பாக்கித் தோட்டா .45 அங்குல வகையைச் சார்ந்தது என்பதால் 9 மில்லிமீட்டர் ரைஃபிளில் அவர்களுக்கு நாட்டம் எழவில்லை.

இனி வந்த பழுதைப் புரிந்துகொள்ள அக்கருவி இயங்கிய முறையைச் சிறிது அறிய வேண்டும். ஆற்றல் மிகுந்த ரைஃபிள் தோட்டாக்களுக்கு, வெடிக்கும் கணத்தில் பின்புறத்தை இறுக அடைத்து நிற்கும் பூட்டமைப்பு தேவை. கைத்துப்பாக்கித் தோட்டாவுக்கு அது தேவையில்லை. போல்ட் என்னும் கனத்த இரும்புத் துண்டின் எடையும் அதன் பின்னுள்ள சுருள்வில்லின் விசையுமே போதும். வெடிப்பின் அழுத்தம் போல்ட்டைப் பின்னே தள்ளுகிறது. வில் அதை மீண்டும் முன்னே செலுத்துகிறது. எளிய முறைதான், எனினும் தோட்டாவின் வலிமை, போல்ட்டின் எடை, வில்லின் விசை, இவை அனைத்தையும் தாங்கும் உடற்கூட்டின் உறுதி ஆகிய நான்கும் ஒன்றுக்கொன்று பொருந்தியிருந்தால்தான் அது நிலைக்கும். தோட்டாவின் அழுத்தம் கூடினால் போல்ட் அதிக வேகத்துடன் பின்னே பாயும். அந்த அடி உடற்கூட்டின் மீதே விழும்.

பிரிட்டனில் நிகழ்ந்தது இதுவே. 5,000 தோட்டாக்களைச் சுடும் தாங்குதிறன் சோதனையில், 1,000 தோட்டாக்களை எட்டும் முன்னரே உடற்கூடுகள் உடைந்தன. அமெரிக்க வணிகத் தோட்டாக்களை மனத்தில் கொண்டு வடிவமைக்கப்பட்ட கருவியில், அவற்றைவிட அழுத்தம் மிகுந்த பிரிட்டன் தோட்டாக்கள் பயன்படுத்தப்பட்டதே காரணம் என்பது ஆயுத வரலாற்றாசிரியர்கள் பொதுவாகத் தரும் விளக்கம். ‘9 மில்லிமீட்டர்’ என்ற ஒரே பெயர் இரு நாடுகளிலும் இருவேறு அழுத்தங்களைக் குறித்தது. ஒப்பந்தத்தில் பொருந்திய அளவு, உலோகத்தில் பொருந்தவில்லை.

இது மட்டுமே குறை என்று சொல்ல முடியாது. இந்த ரைஃபிளில் 20 தோட்டாக்கள் கொண்ட மேகசின், அகன்ற ஒரு கூட்டின் முன்பாதியில் செருகப்பட்டது. பின்பாதி, சுட்டு முடிந்த வெற்று உறைகள் கீழ்நோக்கி விழுவதற்கான குழாயாக அமைந்தது. சோதனைக்கூடத்தில் இது நேர்த்தியாகத் தோன்றியிருக்கும். களத்தில் வீரன் தரையோடு படுத்துச் சுடுவான். கூட்டின் அடியை மண்ணில் ஊன்றுவான். அப்போது உறைகள் வெளியேற வழியின்றிக் குழாயிலேயே தேங்கும். மேலும், உறுப்புகள் யாவும் எஃகைக் கடைந்து மிக நுணுக்கமாகச் செய்யப்பட்டவை. வேலைப்பாடு உயர்ந்தது, செலவும் அதற்கேற்ப உயர்ந்தது.

நிறுவனம் பின்வாங்கிவிடவில்லை. பாதுகாப்பு அமைப்பை மாற்றி, உடற்கூட்டைச் சுற்றிச் சுழலும் உறையுடன் இரண்டாம் வடிவத்தைச் செய்தது. எனினும் சீர்திருத்தத்துக்கான காலம் கடந்துவிட்டது. ஆயிரம் சொச்சம் ரைஃபிள்களுடன் உற்பத்தி நின்றது. பிரிட்டனுக்குச் சென்றவற்றில் பெரும்பாலானவை அழிக்கப்பட்டன. முன்பணத்தைத் திருப்பித் தரும் நிலையில் நிறுவனம் இல்லை. ஆகவே அந்தக் கடனை.38 அங்குலச் சுழல்துப்பாக்கிகளாக ஈடுசெய்ய உடன்பாடு ஏற்பட்டது. அந்தச் சுழல்துப்பாக்கிகள் பிரிட்டன் படைகளுக்கும் அதன் ஆளுகைக்குட்பட்ட பிற படைகளுக்கும் லட்சக்கணக்கில் சென்றன. தோற்ற ரைஃபிளின் கடன் நிறுவனத்தைக் காப்பாற்றியது என்று சொன்னால் மிகையாகாது.

பிரிட்டனின் தேவையோ அப்படியே நின்றது. அதை நிறைவு செய்தது 1941-இல் உருவான ஸ்டென். இதுவும் அதே 9 மில்லிமீட்டர் தோட்டா, அதே போல்ட் முறை. ஆனால் இது தொடர்ச்சியாகவும் சுடக்கூடியது. தகடுகளை வளைத்தும் குழாய்களைப் பற்றவைத்தும் மலிவாகச் செய்யப்பட்டது. உடற்கூடு தாங்கியது. பழுது இப்போது மேகசினுக்கு இடம்பெயர்ந்தது. இரு வரிசைகளாக அடுக்கிய 32 தோட்டாக்கள் மேலே ஒற்றை வரிசையாகக் குறுகி வர வேண்டும். அக்குறுகலில் சிறிது தூசி படிந்தாலும், மேகசினின் வாய்த்தகடு சற்றே நெளிந்தாலும் தோட்டா சிக்கிக்கொள்ளும். முழு எண்ணிக்கையைவிடச் சில தோட்டாக்களைக் குறைத்து நிரப்புவதையே வீரர்கள் வழக்கமாக்கிக்கொண்டனர். 1942 மே 27 அன்று பிராகா நகரில் ஹைட்ரிக்கைக் குறிவைத்த கப்சிக்கின் ஸ்டென் சுடாமற்போனதை வரலாறு மறக்கவில்லை.

இந்தப் பாடத்தை நேரே எதிர்கொண்டவர் ஜார்ஜ் பேட்செட். அவர் வடிவமைத்து, 1953-இல் பிரிட்டன் படை ஏற்றுக்கொண்ட ஸ்டெர்லிங்கில் மேகசின் வளைவாக அமைந்தது. தோட்டாக்கள் இரு வரிசையாகவே மேலேறின. அவற்றை உந்தும் பகுதியில் உருளைகள் பொருத்தப்பட்டன. போல்ட்டின் மேற்பரப்பில் வெட்டிய சுருள்வரிகள் கரியையும் மண்ணையும் ஒதுக்கித்தள்ளின. இவ்வடிவமே பின்னர் உரிமம் பெற்றுக் கான்பூர் சிறு ஆயுதத் தொழிற்சாலையில் தயாரிக்கப்பட்டு, ‘கார்பைன்’ என்ற பெயரில் இந்தியப் படையினர், காவலர்களின் கைகளில் பல பத்தாண்டுகள் புழங்கியது.

இவ்வரிசையை வெற்றி, தோல்விகளின் பட்டியலாகப் படித்தால் இலகு ரைஃபிளுக்கு ஓர் அடிக்குறிப்பே மிஞ்சும். பழுது இடம்பெயர்ந்த வரலாறாகப் படித்தால், உடற்கூட்டிலிருந்து மேகசினுக்கும், மேகசினிலிருந்து அதன் வளைவுக்கும் உருளைக்கும் சென்ற அறிவின் தடம் புலப்படுகிறது. தொழில்நுட்ப வரலாற்றை ஆராயும் மாணவர்கள் ஓர் அறிக்கையில் ‘நம்பகமற்றது’ என்ற சொல்லைக் கண்டால், எந்தப் பொருளோடு சேர்ந்தபோது, எந்தச் சூழலில், யாருடைய அளவுகோலின்படி என்ற மூன்றையும் முதலில் தேடுவது நன்று. 1940-இல் உடைந்தது எஃகுக் கூடுதான். அதை உடைத்ததோ, இரு நாடுகள் ஒரே பெயருக்கு வழங்கிய இருவேறு பொருள்கள்.